ஷாட்கன் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்: பண்ணைக்குத் துணையா, இரண்டுங்கெட்டானா?

முள்வேலி:
டெக்சஸின் ஹில் கன்ட்ரி பகுதியில் எங்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலமும் அதில் ஒரு சிறிய மரவீடும் இருக்கின்றன. வார இறுதிகளில் வேலி கட்டவும் கிணற்று மோட்டாரைப் பார்க்கவும் போகிறேன். சுண்ணாம்புக்கல் குவியல்களுக்கு அடியில் டயமண்ட்பேக் கிலுகிலுப்பைப் பாம்புகள் குடியிருக்கின்றன. இந்தக் கோடையில் மட்டும் இரண்டைப் பார்த்துவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் டாரஸ் ஜட்ஜ் ரிவால்வரை வாங்கச் சொல்கிறார். கடைக்காரரோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் கவர்னர் என்ற ரிவால்வரை எடுத்துக் காட்டினார். இரண்டும் ரவைகள் அடைத்த .410 ஷாட்கன் தோட்டாவையும் ஒற்றைக் குண்டுள்ள .45 கோல்ட் தோட்டாவையும் ஒரே சிலிண்டரில் சுடக்கூடியவை. பகலில் பாம்புக்கும், இரவில் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே கருவி போதும் என்பது அவர்கள் வாதம். இது எந்த அளவுக்கு உண்மை என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கருங்காலி:
ஆறு ஆண்டுகளாக என் இடுப்பில் தொங்குவது ஜட்ஜ்தான் என்பதால், அதன் பக்கம் நின்றே பேசுகிறேன். பிரேசிலின் டாரஸ் நிறுவனம் இதற்கு ஜட்ஜ் என்ற பெயரை 2006இல் சூட்டியது. மயாமி நீதிபதிகள் சிலர் நீதிமன்றப் பாதுகாப்புக்காக இதை வாங்கியதால் அப்பெயர் வந்தது என்பது நிறுவனமே சொல்லும் கதை. கதையை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ஒரு கையில் முள்கம்பிச் சுருளும் மறு கையில் குறடுமாக நிற்கிறவரிடம் நீளத் துப்பாக்கி இருக்காது. அது வண்டியில்தான் கிடக்கும். பேர்ட்ஷாட் எனப்படும் கடுகளவு ரவைகள் அடைத்த தோட்டாவை ஏழெட்டு அடித் தூரத்தில் சுட்டால், அசைந்துகொண்டிருக்கும் ஒரு சின்னத் தலையைக் குறி தவறாமல் அடிக்கும் திறமை உங்களுக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதோடு, உங்கள் நிலம் முழுக்கக் கல். ஒற்றைக் குண்டு கல்லில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு ரவையோ எடை குறைந்தது, விரைவில் வேகம் இழந்துவிடும். (அதற்காகக் கண்ணாடி போடாமல் சுட்டுவிடாதீர்கள்.)

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் அடுத்த தோட்டாவை ஏற்றுவது முந்தைய தோட்டாவின் உதைப்புதான். தோட்டா பலவீனமானால் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் சிலிண்டரைச் சுழற்றுவது உங்கள் விரல். எனவே முதல் இரண்டு அறைகளில் பேர்ட்ஷாட், அடுத்த மூன்றில் .45 என்று கலந்து அடைத்தாலும் அது மறுப்பதில்லை.

தாளிலக்கு:
கருங்காலி அவர்கள் சொன்னவற்றில் பாம்பைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஏழெட்டு அடிக்குள் மட்டும். அதற்கு மேல் இந்தக் கருவியின் உடம்பிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்வதில்லை.

ஷாட்கன் குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பது காரணத்தோடுதான். ரவைக் கூட்டம் சுழலாமல் ஒரே திரளாக வெளியேற வேண்டும். ஜட்ஜின் குழலிலோ ரைஃபிள்போலச் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன, .45 குண்டுக்கு அந்தச் சுழற்சி தேவை. அதே வரிகள் ரவைக் கூட்டத்தையும் சுழற்றுகின்றன. ஈரத் துணியைச் சுழற்றினால் நீர்த்துளிகள் வெளிப்புறமாகத் தெறிப்பதுபோல, குழல்வாயைத் தாண்டியதும் ரவைகள் விளிம்பை நோக்கி விலகுகின்றன. நானே காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். 21 அடியில் பேர்ட்ஷாட் ஏறக்குறைய ஒரு கதவின் அகலத்துக்குப் பரவியது, அதிலும் நட்டநடுவில் ஓட்டை விழுந்த உளுந்து வடையைப்போல ஒரு வெற்றிடம். நான் குறிவைத்ததோ அந்த வெற்றிடத்தை.

.45 பக்கமாவது உருப்படியா என்றால், அதுவும் அரைகுறைதான். சிலிண்டர் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காக நீட்டப்பட்டிருக்கிறது. .45 கோல்ட் தோட்டாவின் மொத்த நீளமே 1.6 அங்குலம். எனவே குண்டு வெளியே கிளம்பி, வரிகளைத் தொடும் முன் ஒரு நீண்ட வெற்றுக் கூடத்தைத் தாவிக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலில் நேர்த்தி குறைகிறது. ஷாட்கனாகவும் முழுமையில்லை, ரிவால்வராகவும் முழுமையில்லை என்பதை நம் ஊரில் இரண்டுங்கெட்டான் என்போம்.

சட்டப்புள்ளி:
குழலில் அந்தச் சுருள் வரிகள் ஏன் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவடையாது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, வழவழப்பான குழல் 18 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஷாட்கன் தனிப் பதிவு கோரும் வகையைச் சேர்ந்துவிடும். குழலில் வரி வெட்டிவிட்டால், மத்தியச் சட்டத்தின் கண்ணுக்கு அது சாதாரணக் கைத்துப்பாக்கி. .410 தோட்டாவின் வெளி விட்டமும் .45 கோல்ட் தோட்டாக் கூட்டின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் தற்செயலைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சட்ட இடுக்கின் வழியாகப் பிறந்த குழந்தை இது. கலிபோர்னியா மாநிலச் சட்டம் இந்த இடுக்கை அடைத்துவிட்டது. ஷாட்கன் தோட்டாவைச் சுடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டு 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் இருந்தால், வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே அது குட்டைக் குழல் ஷாட்கன்தான். விடுமுறைக்கு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

நம்மவர்கள் பலருக்குத் தேவைப்படுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முள்வேலி அவர்கள் எச்-1பி விசாவில் இருந்தால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஒன்று இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

முள்வேலி:
நன்றி. எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, வசிப்பதும் டெக்சஸில்தான். பாம்பு விஷயம் ஓரளவு தெளிந்தது. வீட்டுப் பாதுகாப்பு பற்றித்தான் கருங்காலியும் தாளிலக்கும் நேருக்கு நேர் பேச வேண்டும்.

தாளிலக்கு:
நேராகவே பேசுகிறேன். மனிதரிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ளும் நிலையில் பேர்ட்ஷாட்டை நம்பவே கூடாது. அது தோலைக் கிழிக்கும், ஆழம் போகாது. 1986 மயாமித் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த அளவுகோலின்படி, தற்காப்புத் தோட்டா, உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும். பேர்ட்ஷாட் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. பாம்புக்காக அடைத்ததை இரவில் மாற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கலந்து அடைப்பதை ஒரு வசதியாகக் கருங்காலி சொன்னார். பதற்றத்தில் எழுந்து நிற்பவருக்கு, அடுத்த அறையில் இருப்பது எது என்றே தெரியாத நிலையை நான் வசதி என்று கருதவில்லை.

கருங்காலி:
பேர்ட்ஷாட்டைப் பற்றிய உங்கள் கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. இரவில் நானும் அதை வைப்பதில்லை. ஆனால் நீங்கள் பக்‌ஷாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லையே. இந்த வகை ரிவால்வருக்கென்றே தயாராகும் இரண்டரை அங்குலத் தோட்டாக்களில், மூன்று சுழி (000) எனப்படும் பெரிய ரவைகள் நான்கு, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 0.36 அங்குல விட்டம், அதாவது ஒன்பது மில்லிமீட்டர் குண்டின் பருமன். விசையை ஒருமுறை அழுத்தினால் அப்படி நான்கு. மரவீட்டின் கூடம் எவ்வளவு நீளம் இருக்கும்? பதினைந்து அடி. அந்தத் தூரத்தில் என் துப்பாக்கியில் நான்கும் ஒரு சாண் அகலத்துக்குள் விழுகின்றன. வடை ஓட்டை நூற்றுக்கணக்கான சிறு ரவைகளின் நோய். நான்கு பெரு ரவைகள் அந்தத் தூரத்தில் அவ்வளவு விலகுவதில்லை.

தாளிலக்கு:
உங்கள் துப்பாக்கியில் ஒரு சாண் என்பதை நம்புகிறேன். வேறொரு தயாரிப்பின் தோட்டாவில் அதே துப்பாக்கி இரண்டு சாண் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த நான்கில் ஒன்று விலகினாலும் அது எந்தச் சுவரைத் துளைத்து எங்கே போய் நிற்கிறது என்பதற்குச் சுட்டவரே பொறுப்பு. மேலும், மூன்று அங்குலக் குழலில் வெடிமருந்து தன் முழு வேலையைச் செய்யும் முன்பே ரவை வெளியேறிவிடுகிறது. நீளக் குழல் தரும் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஜட்ஜில் ஐந்து அறைகள், கவர்னரில் ஆறு. தீர்ந்தபின் அந்த நீண்ட பிளாஸ்டிக் கூடுகளை வெளியே தள்ளி மீண்டும் அடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கென்றால் 20 கேஜ் (.410ஐவிட அகலமான குழல் அளவு) நீள ஷாட்கன் ஒன்று, விலையும் குறைவு, இரு கைகளாலும் தோளாலும் பிடிக்கலாம், ரவையும் இரு மடங்கு.

பழைய உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தவர் பயன்படுத்திய லெமாட் ரிவால்வர், நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் ஒருவர் 1856இல் காப்புரிமை பெற்றது. ஒன்பது குண்டுகளுக்கு வரியுள்ள ஒரு குழல், அதற்குக் கீழே சிலிண்டரின் அச்சாகவே அமைந்த வழவழப்பான தனிக் குழல் ஒன்று ரவைக்கு. கனமான கருவிதான். ஆனால் இரண்டு வேலைக்கு இரண்டு குழல் வேண்டும் என்பதை அந்த மருத்துவர் புரிந்துவைத்திருந்தார். பின்னாளில் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்ற ஒற்றைக் குண்டுக் கைத்துப்பாக்கியும், .410 சுடும்போது குழல்வாயில் நேர்வரிகள் உள்ள ஒரு சிறு மூடியைத் திருகி, ரவையின் சுழற்சியை நிறுத்திய பின்பே வெளியே விட்டது. ஜட்ஜில் அப்படி எதுவும் இல்லை.

மண்வெட்டி:
துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பாம்பைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பு தன் உடல் நீளத்தில் ஏறத்தாழப் பாதித் தூரமே பாய்ந்து கொத்தும். ஐந்தடிப் பாம்பைப் பார்த்த இடத்திலிருந்து நான்கு எட்டுப் பின்வாங்கினால் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள். சுடக் கிட்டே போகிறவர்தான் எல்லைக்குள் நுழைகிறார். முழங்கால் வரை மறைக்கும் தடித்த காப்புறையும், கற்குவியலைக் கையால் புரட்டாமல் கடப்பாரையால் நெம்பும் வழக்கமும் எந்த ரிவால்வரையும்விட அதிகம் காக்கும்.

கருங்காலி:
முழுக்கச் சரி, நானும் பத்தில் ஒன்பது முறை விலகித்தான் போகிறேன். அந்தப் பத்தாவது, படிக்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும்போது நாய் குரைத்துக்கொண்டு பாய்கிற தருணம். அதற்கு மட்டுமே என் ஜட்ஜ்.

முள்வேலி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். சுடுதளத்தில் ஜட்ஜை வாடகைக்கு எடுத்துக் காகிதத்தில் பார்த்தேன். பத்தடிக்குள் பேர்ட்ஷாட் பெரிய சாப்பாட்டுத் தட்டளவு, குறையே சொல்ல முடியாது. 21 அடியில் தாளிலக்கு சொன்ன வடையையும் கண்டேன். வெடிச்சத்தம் காதுக்கவசத்தையும் மீறி நெஞ்சில் இடித்தது; மூடிய அறையில், இருட்டில், கவசம் இல்லாமல் இதைச் சுடும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. எனவே வேலி வேலைக்கு ஜட்ஜ், பேர்ட்ஷாட் மட்டும் அடைத்து. வீட்டுக்குப் பழைய 20 கேஜ் ஒன்றை மாமனார் தருகிறார். முழங்கால் காப்புறையும் வாங்கியாயிற்று, மண்வெட்டி அவர்களுக்கு நன்றி.

தாளிலக்கு:
நல்ல முடிவு, ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள். உங்களுடையது இரண்டரை அங்குல அறை என்றால், மூன்று அங்குலத் தோட்டா உள்ளே நுழைவதுபோலத் தோன்றினாலும் சுட வேண்டாம். தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும். இன்னொன்று, .410 சுட்டபின், தோட்டாவுக்குள் ரவைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் அடைப்பானின் படிவு குழல் வரிகளில் ஒட்டியிருக்கும். என்றாவது .45 சுடப் போகிறீர்களானால், முதலில் பித்தளைத் தூரிகையால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.