நாய், பூனை இருக்கும் வீடு: வாடை, முடி, உண்ணி – எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை

(மொட்டைமாடி, ரெண்டு பூனை, டைல்ஸ்கார், லேப் வீடு – இங்கே பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

மொட்டைமாடி:
பூனை மூத்திர வாடை என்றதும் நம்மூரில் கை முதலில் போவது பினாயில் பாட்டிலுக்குத்தான். பூனை இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடக்கும், உட்கார்ந்து பாதத்தை நக்கும், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. கறுப்பு பினாயில் மட்டுமில்லை. பைன் எண்ணெய் கலந்த வெள்ளை பினாயில், தண்ணீரில் விட்டதும் பாலாக வெளுக்கும் டெட்டால், இரண்டுக்கும் இதே கணக்கு. பீரோவில் போடும் பாச்சை உருண்டை நாய்க்கும் நஞ்சு.

கழுவின இடம் ஏன் மறுபடி நாறுகிறது? மூத்திரத்தில் உள்ள யூரியா தண்ணீரோடு போய்விடும். யூரிக் அமிலப் படிகம் லேசில் கரையாது, இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறியதும் வாடை கிளம்பும். அதற்கு என்சைம் கிளீனர், அதாவது கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்தான் மருந்து. ஆனால் பாதிப் பேர் அதைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்கிறார்கள். ஈரம் இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும்.

முறை இது: பழைய துண்டை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பச்சைத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம் ஒற்றுங்கள். முன்பு போட்ட சோப்பு, பினாயில் மிச்சம் இருந்தால் என்சைம் படுத்துவிடும். பிறகு கறை தெரியும் இடத்தைத் தாண்டி ஒரு கையகலம்வரை கிளீனரைத் தாராளமாக ஊற்றி, டைல்ஸ் என்றால் 15 நிமிடம் விடுங்கள். சோபா, மெத்தை என்றால் மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி இரவு முழுக்க. அதன் பிறகு ஃபேன்.

ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மூத்திரத்தின் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். கண் எரியும், மூச்சு முட்டும்.

ரெண்டு பூனை:
என்சைம் கிளீனர் கிடைக்காத ஊரில் மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். லேபிளைப் பாருங்க, பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது 20 வால்யூம். 100 மி.லி.க்கு 100 மி.லி. தண்ணி சேர்த்தா 3 சதவீதம் ஆயிடும். அதில் சமையல் சோடா 2 டீஸ்பூன், பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு சொட்டு. கலந்த உடனே ஊத்திடணும். மிச்சத்தை மூடி போட்டு வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கலர் துணி வெளுக்கும். சோபாவோட பின்பக்கம் ஒரு மூலையில சோதிச்சுட்டுப் போடுங்க.

டைல்ஸ்கார்:
தரை என்ன தரைன்னு பார்க்காம வினிகர், எலுமிச்சை ஊத்தறது பெரிய கொடுமை சார். மார்பிள், மொசைக், கடப்பா எல்லாத்துலயும் சுண்ணாம்புச் சத்து இருக்கு. புளிப்பு பட்டா பாலிஷ் போய் சொரசொரன்னு ஆகும். அப்புறம் அந்தச் சொரசொரப்புக்குள்ள மூத்திரம் இன்னும் நல்லா இறங்கும். கிரானைட் தாங்கும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சாது, நடுவுல இடுக்கை அடைக்கிற பூச்சு, அதாவது கிரவுட், அது உறிஞ்சும். எத்தனை தரம் கழுவினாலும் ஒரே கோட்டுல வாடை வந்தா, கிரவுட்டை 2–3 மி.மீ. சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி கிரவுட் அடைக்கணும். சிமெண்ட் கிரவுட்டே திரும்பப் போட்டா பழைய கதைதான்.

இன்னொண்ணு: கடுவன் பூனை பீய்ச்சறது சுவத்துல, தரையில இல்ல. எல்லாரும் தரையையே கழுவிட்டு இருப்பாங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு யுவி (புற ஊதா) டார்ச் அடிங்க, மஞ்சள் பச்சையா மின்னும். சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டு லைட்டைப் போட்டுக் கழுவுங்க. சோப்புத்தூள் கறையும் மின்னும், ஆனா அது நீலவெள்ளை.

ரெண்டு பூனை:
ஆமாம். கடுவனுக்குக் கருத்தடை செஞ்சா பெரும்பாலும் பீய்ச்சறது அடங்கிடும். அதைச் செய்யாம சுவத்தை மட்டும் கழுவறது வீண் வேலை.

லிட்டர் டப்பா (பூனை மலம், மூத்திரம் போற மண் டப்பா) கணக்கு: பூனை எத்தனையோ அதுக்கு ஒண்ணு கூட. மண் 5–7 செ.மீ. ஆழம் இருக்கணும், குறைஞ்சா மூத்திரம் அடியில போய் டப்பாவோட ஒட்டிக்கும், சுரண்டினா கட்டி உடையும். தினமும் அள்ளறது வாடைக்காக மட்டும் இல்ல. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்துல வெளியே வந்து குறைஞ்சது ஒரு நாள் கழிச்சுதான் தொத்துற நிலைக்கு வரும். அதுக்குள்ள அள்ளிடணும். வீட்டுல கர்ப்பிணி இருந்தா அந்த வேலை வேற ஆளுக்கு. கட்டி சேர்ற பென்டோனைட் களிமண்ணை டாய்லெட்ல கொட்டாதீங்க, உப்பிப்போய் பைப்பை அடைச்சிடும், பிளம்பர் வந்து உங்களைத் திட்டுவார்.

சிலர் ஆத்து மணல் போடறாங்க. காசு மிச்சம், ஆனா கட்டி சேராது, மொத்தத்தையும் மாத்த வேண்டியிருக்கும்.

லேப் வீடு:
முடிக்கு வருகிறேன். பூந்துடைப்பம் வீசினால் முடி பறந்து ஃபேன் இறக்கையில் போய் உட்காரும். நேராக ஈர மாப் போட்டால் நூலாகத் திரிந்து தரையில் ஒட்டும். பாத்ரூமில் தண்ணி தள்ளும் ரப்பர் வைப்பரைக் காய்ந்த தரையில், தள்ளாமல் தன் பக்கம் இழுத்துப் பாருங்கள். முடி கயிறாகச் சுருண்டு முன்னால் வரும், கையால் எடுத்துக் குப்பையில் போடலாம். மாப் அதற்கப்புறம். சோபாவுக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் போதும்.

நாய் விரிப்பை மொட்டைமாடியில் நன்றாக உதறாமல் மெஷினில் போடாதீர்கள். முன்பக்கக் கதவு மெஷினில் முடி அந்த ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் சேர்ந்து, அடுத்த லோடில் வெள்ளைச் சட்டையில் வந்து ஒட்டும்.

லேப்ரடார் நாய்க்கு மொட்டை அடித்தால் முடி கொட்டாது என்பது சும்மா பேச்சு. கொட்டும் முடி குட்டையாகி சோபாவில் ஊசி மாதிரி குத்தி நிற்கும், பிடுங்கவே வராது. ஃபேனை அணைத்துவிட்டு, உள்முடி வாரும் சீப்பால் தினம் ஐந்து நிமிடம் வாரினாலே பாதி வேலை முடிந்தது.

டைல்ஸ்கார்:
உண்ணி பத்தி யாரும் சொல்லலையே?

மொட்டைமாடி:
நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிலிருந்து கிழடுவரை வாழ்ந்து முடிக்கும் ஜாதி. ரத்தம் குடித்துக் கொட்டைப்பாக்கு மாதிரி உப்பிய பெண் உண்ணி நாயிடமிருந்து விழுந்து, சுவர் ஏறி, நிலைக்கதவு விரிசலிலோ மாட்டிய படத்துக்குப் பின்னாலோ ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் புதுக் குஞ்சுகள் வந்துகொண்டேதான் இருக்கும். விரிசல்களைப் புட்டி போட்டு அடையுங்கள். கட்டில் மூட்டு, நிலைப்படி ஓரம் எல்லாம் வாக்குவம் போட்டு, பையைக் கட்டி உடனே வெளியே எறியுங்கள். விரிப்பை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். சாப்பாடே இல்லாமல் உண்ணி மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிடித்திருப்பதை விரலால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது வேண்டாம், நாயின் தோல்தான் வெந்துபோகும்.

ரெண்டு பூனை:
நாயும் பூனையும் சேர்ந்து இருக்கிற வீடுன்னா இதைக் கவனிங்க: நாய் கழுத்துல விடுற சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. பூனைக்குப் போடாம இருந்தா மட்டும் போதாது, மருந்து விட்ட நாயை உரசிட்டு, தன் உடம்பை நக்கினாலே பாதிக்கும். டாக்டர்கிட்ட பூனையும் இருக்குன்னு முதல்லயே சொல்லி வேற மருந்து கேளுங்க.