காட்டு அத்தி: பெயர் சொல்லி மாட்டிக்கொண்ட கதைகள்

மழைக்காட்டில் ஒரு அத்தி வகை மரத்தைக் காட்டி “இது இன்ன இனம்” என்று அடித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் அசடு வழிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்தடுத்து நீங்கள் ஒவ்வொருவரும் எழுதுங்கள்.

ஒரு அத்தி வகையின் வேர்கள் பின்னிப் பின்னி வேறொரு பெரிய மரத்தையே மூடியிருந்தன. கிளை எட்டாத உயரம். அடியில் கிடந்த இலைகளில் நல்லதாக நாலு பொறுக்கினேன். அளந்தேன், பக்க நரம்பு எண்ணினேன், இரண்டு ராத்திரி புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். எதிலும் பொருந்தவில்லை. புது இனம்தானோ என்றுகூட மனசு போயிற்று. மறுபடி போனபோது கூட வந்தவர் அண்ணாந்து பார்த்தார், என் கையிலிருந்த இலையைப் பார்த்தார். “இது உள்ளே சிக்கியிருக்கிற மரத்தோட இலை சார்” என்றார்.

அன்றிலிருந்து குச்சியோடு சேர்ந்த இலையைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. காற்றில் முறிந்து விழுந்த நுனிக்கிளை போதும். கிள்ளினால் பால் வர வேண்டும். நுனிமொட்டைப் போர்த்தியிருந்த செதில் உதிர்ந்த இடத்தில், குச்சியைச் சுற்றி மோதிரம் போல ஒரு கோடு தெரிய வேண்டும்.

*

மேலே சொன்ன பாலையும் மோதிரத்தையும் நானும் நம்பினேன். ஒரு காட்டுப் பலாவை ஒரு வருடம் அத்தி என்றே குறித்து வைத்திருந்தேன். பலாவும் அதே குடும்பம்தான். பாலும் உண்டு, மோதிரத் தழும்பும் உண்டு. காய் கையில் கிடைக்கும்வரை பென்சிலில் எழுதுங்கள்.

*

காய் கிடைத்தும் ஏமாந்தவன் நான். அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அத்தி என்று சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது. ஓடையோரம் அப்படிக் காய்த்திருந்த இரண்டு மரங்களையும் அத்தி என்றே எழுதினேன். தோழி ஒருத்தி இலையைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். சொரசொரவென்று இருந்தது. இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்தன. இளங்குச்சியை ஒடித்தால் உள்ளே குழல். அது பேயத்தி. அத்திக்கு இலை மாற்றி மாற்றி வரும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று காயைப் பிளந்தால் அடுத்த குழப்பம். ஒரு மரத்துக் காயில் குளவிகள். கடுகைவிடச் சின்னவை. இறக்கை இல்லாத ஆண்கள் தட்டுத்தடுமாறி ஊர்ந்தன. இறக்கையுள்ள பெண்கள் என் கட்டைவிரல் மேலேயே ஏறிப் பறந்தன. பக்கத்து மரத்துக் காயில் ஒரு குளவிகூட வெளிவரவில்லை, முழுக்க விதை. வெவ்வேறு இனம் என்றே முடிவு கட்டினேன். உண்மையில் ஒன்று ஆண் மரம், மற்றது பெண் மரம். பெண் மரத்துக் காய்க்குள் நுழையும் குளவியால் முட்டையிட முடியாது. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே சாகும். அத்தி, ஆல், அரசில் இந்தப் பிரிவினை கிடையாது. எல்லாம் ஒரே காய்க்குள் நடந்துவிடும்.

ஆகவே ஒரே மரத்தின் காயைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கத்தியை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பால் காய்ந்தால் பிசின் மாதிரி ஒட்டும்.

*

அத்தி, பேயத்தி, ஆல், அரசு எல்லாம் அடங்கிய இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 850 இனங்கள். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் எழுதியபோது 7தான்! இப்போது ஆறு துணைப்பேரினங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு இலையின் வடிவத்தை விட, காய்க்குள் இருக்கும் பூக்கள் எத்தனை வகை, ஆண் பூவில் மகரந்தத் தாள் எத்தனை என்பதுதான் முக்கியம். இளஞ்செடியின் இலையும் முதிர்ந்த மரத்தின் இலையும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும் கூட்டம் இது. இலையை வைத்து வகைப்படுத்தினால் ஒரே மரம் இரண்டு பெயர் வாங்கிவிடும்.

இலையில் நான் நம்புவது ஒன்றே ஒன்று. பின்பக்கம் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆல், அரசு, இத்தி வகையறாவுக்கு நடுநரம்பின் அடியில் மெழுகு தடவினாற்போல ஒரு புள்ளி இருக்கும்.

கிளை எட்டவில்லை என்று முதலில் எழுதியவர் வருத்தப்பட வேண்டாம். ஆசிய, ஆஸ்திரேலிய அத்திகளுக்கு 1965இல் பட்டியல் போட்ட தாவரவியலாளர் கார்னருக்கும் அதே பிரச்சினைதான். அவர் மலாயாக் காடுகளில் மர உச்சிக் கிளைகளை ஒடித்துப் போடக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார்.

*

குரங்குக்கு நான் எங்கே போவேன்! முதல் கதை எழுதியவன்தான் நான்; வேர் மூடிய அந்த மரத்தடிக்கு மறுபடி போய் வந்தேன். ஒரு நுனிக்கிளை விழுந்து கிடந்தது: பால், மோதிரம், மெழுகுப் புள்ளி மூன்றும் இருந்தன. காய் இல்லை. நோட்டில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அந்த நாலு இலைகளும் பக்கத்துத் தாளில் இருக்கின்றன. உள்ளே சிக்கிய மரம் எதுவென்று யாராவது சொன்னால் அதையும் குறித்துக்கொள்வேன்.