2018–19 வேக ஸ்கேட்டிங் சீசன்: ஒரே வாரக் கடைசியில் இத்தனை உலக சாதனைகள் எப்படி?

கேள்வி: சென்னை_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் சக்கரத்தில் ஓடும் இன்லைன் ஸ்கேட்டிங் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்காகத்தான் ஐஸ் மேல் நடக்கும் வேக ஸ்கேட்டிங் பந்தயங்களை யூடியூபில் தேட ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட இதே பேச்சுதான்.

2018–19 உலகக் கோப்பை சீசனை வரிசையாகப் பார்த்து வருகிறோம். நவம்பரில் ஜப்பானின் ஓபிஹிரோ, டொமகொமாய். டிசம்பரில் போலந்தின் டோமஷூஃப், நெதர்லாந்தின் ஹீரன்வேன். பிப்ரவரியில் நார்வேயின் ஹாமர். நல்ல பந்தயங்கள்தான், ஆனால் நேரங்கள் உலக சாதனைக்குப் பக்கத்தில் வரவே இல்லை. அப்புறம் மார்ச் 9, 10 தேதிகளில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இறுதிச் சுற்று. ஆண்களில் 500, 1000, 1500; பெண்களில் 1000, 1500, 3000 என்று அடுக்கடுக்காகச் சாதனைகள் விழுகின்றன.

இது எப்படி? அந்த ஊர் மலை மேல் இருப்பதால்தான் என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சாதனைகளுக்கு என்ன மதிப்பு?

மகளின் கேள்வி வேறு. இரண்டிரண்டு பேராகத்தானே ஓடுகிறார்கள், பக்கத்தில் ஓடுபவரை முந்தினாலும் ஜெயித்ததாக ஆகாதா?

பதில் 1: கால்கரி_வாசி

வணக்கம் சார். முதலில் உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் ஓடுபவரை முந்தினால் போதாது. எல்லா ஜோடிகளும் ஓடி முடித்த பிறகு யாருடைய நேரம் குறைவோ அவருக்குத்தான் முதலிடம். 400 மீட்டர் வட்டத்தில் உள்பாதை, வெளிப்பாதை என்று இரண்டு உண்டு. உள்பாதையில் தூரம் குறைவு என்பதால் சுற்றுக்கு ஒருமுறை எதிர்ப்பக்க நேர்பாதையில் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மாறும் இடத்தில் வெளியிலிருந்து உள்ளே வருபவருக்குத்தான் முன்னுரிமை. உள்ளிருந்து வெளியே போகிறவர் வழிவிட வேண்டும். கையில் வெள்ளைப் பட்டை கட்டியவர் உள்பாதையில் தொடங்கியவர், சிவப்புப் பட்டை வெளிப்பாதையில் தொடங்கியவர். இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள், அடுத்த பந்தயத்திலிருந்து அவளே உங்களுக்கு விளக்குவாள்.

இனி உயரம். நான் கனடாவின் கால்கரியில் இருக்கிறேன், ஒலிம்பிக் ஓவலுக்குப் பக்கத்தில் (அந்த 400 மீட்டர் ஐஸ் வட்டத்தைத்தான் ஓவல் என்கிறோம்). கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். சால்ட் லேக் ஓவல் ஏறத்தாழ 1,425 மீட்டர். அங்கே காற்று கடலோர ஊர்களைவிட ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். ஸ்கேட்டரை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு காற்றுதான், ஐஸின் உராய்வு அதற்குப் பின்னால்தான் வரும். நெதர்லாந்தின் கெல்ட் நொய்ஸ் 2018இல் ஸ்வீடனில் உறைந்த நீர்ப்பரப்பில், காருக்குப் பின்னால் பொருத்திய காற்றுத் தடுப்பின் மறைவில் ஓடி மணிக்கு 93 கிலோமீட்டர் தொட்டார். 2022இல் நார்வேயில் அதே முறையில் 103. ஓவலில் அதே மனிதரின் உலக சாதனை ஓட்டத்திலேயே சராசரி 54 கிலோமீட்டர்தான். மனிதக் கால் எவ்வளவு வேகம் தர வல்லது, காற்று அதில் எவ்வளவைத் தின்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் 'மலை மேல் ஓடினார்கள், அதனால் உடைத்தார்கள்' என்று முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் உடைத்த பழைய சாதனைகள் எங்கே போடப்பட்டவை என்று பாருங்கள். நொய்ஸ் 1000 மீட்டரில் 1:06.18 ஓடி, அமெரிக்காவின் ஷானி டேவிஸின் 1:06.42ஐ உடைத்தார். டேவிஸ் அதை 2009 மார்ச்சில் போட்டது இதே சால்ட் லேக்கில். பத்து வருடம் அது நின்றது. ஜப்பானின் மிஹோ டகாகி 1500இல் 1:49.83, 1:50க்குக் கீழே இறங்கிய முதல் பெண் அவர். உடைந்தது ஹெதர் பெர்க்ஸ்மாவின் 1:50.85, அதுவும் இதே ஊர். ரஷ்யாவின் பாவெல் குலிஷ்னிகோவ் 500இல் 33.98இலிருந்து 33.61க்கு இறங்கினார், அந்த 33.98உம் அவரே இங்கே 2015இல் ஓடியது. உயரம் இருபக்கமும் ஒன்றுதான். அப்படியானால் மிச்சம் யாருடையது?

எல்லாம் உடையவும் இல்லை. பெண்கள் 500இல் கொரியாவின் லீ சாங்-ஹ்வா 2013இல் போட்ட 36.36 அன்று அசையவே இல்லை. அதே மெல்லிய காற்று, அதே ஐஸ்.

மார்ச் என்பதும் முக்கியம். வழக்கமாக வட அமெரிக்கச் சுற்றுகள் சீசன் தொடக்கத்தில், நவம்பர், டிசம்பரில் வரும். அப்போது உடம்பு முழுக்கத் தயாராகியிருக்காது. அந்த வருடம் மேலே இருக்கும் ஓவல் கடைசியாக வந்தது. பிப்ரவரியில் ஜெர்மனியின் இன்செலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் உச்சத்துக்கு வந்த கால்களோடு அங்கே போய் இறங்கினார்கள்.

பெண்கள் 3000 மீட்டர் சாதனை போட்ட மார்டினா சாப்லீகோவாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கால்கரியில் ஓடியதை நான் நேரில் பார்த்தேன். நீங்கள் பார்த்த 3:52.02 சால்ட் லேக்கில். அதற்கு ஒரு வாரம் முன்னால், மார்ச் 2 அன்று, கால்கரியில் ஆல்ரவுண்ட் (பல தூரங்களின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும்) உலக சாம்பியன்ஷிப். 3000 மீட்டர் சாதனை அப்போது சிண்டி கிளாசனுடையது: 3:53.34. எங்கள் கனடாக்காரர், அதைப் போட்டதும் இதே கட்டடத்தில், 2006 மார்ச்சில். பதின்மூன்று வருடமாக யாரும் தொடவில்லை.

சாப்லீகோவா செக் நாட்டுக்காரர். அந்த நாட்டில் ஓர் உள்ளரங்க 400 மீட்டர் ஓவல்கூட இல்லை. பயிற்சிக்கே வெளிநாடு போய்த்தான் வளர்ந்தவர். அன்று அவருக்கு வயது 31. ஒல்லியான உடம்பு, இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால், இடுப்பு அவ்வளவு தாழ்வாக. சுற்றுக்கு முப்பது வினாடி சொச்சம். வளைவில் பிளேடு ஐஸை வெட்டும் சத்தம், அப்புறம் முன்பக்கம் மட்டும் கீலில் இணைந்த பிளேடு, குதிகால் பக்கம் திரும்பி வந்து ஷூவில் மோதும் அந்த 'டக்'. கடைசி மூன்று சுற்றில் பெரும்பாலானவர்களுக்கு அந்த 'டக்'குகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்கில்லாமல் போகும், தோள் ஆட ஆரம்பிக்கும். இவருக்குத் தோள் ஆடவில்லை. பலகையில் வந்தது 3:53.31. நூறில் மூன்று பங்கு வினாடி. அந்த வேகத்தில் அது நாற்பது சென்டிமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட ஒரு பிளேடின் நீளம். உடைந்தது எங்கள் ஊர்ச் சாதனை, ஆனால் எழுந்து நின்று கைதட்டாதவர் யாரும் என் கண்ணில் படவில்லை. மறுநாள் 5000இல் 6:42.01 ஓடித் தன்னுடைய 2011 சாதனையையும் உடைத்து, ஆல்ரவுண்ட் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு மதிப்பு என்ன என்று கேட்டால், நான் உயரத்தைக் காரணம் காட்டி அதில் ஒரு நூறில் ஒரு பங்கைக்கூடக் கழிக்க மாட்டேன்.

பதில் 2: உத்ரெக்ட்_ஜன்னல்

கால்கரி நண்பர் உணர்ச்சியோடு எழுதியிருக்கிறார், படிக்க நன்றாக இருந்தது. ஆனாலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நெதர்லாந்தில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: ஹீரன்வேனில் தியால்ஃப் அரங்கம் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே ஓடும் நேரம்தான் உண்மையான அளவுகோல். மலை ஓவல்களுக்கு ஒரு பட்டியல், தரை ஓவல்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்தால்தான் நியாயம்.

ஒரு உதாரணம். ஜப்பானின் நாவோ கொதைரா 2018 ஒலிம்பிக்கில், கொரியாவின் காங்நங்கில், 500 மீட்டரை 36.94இல் முடித்தார். உலக சாதனைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனால் காற்று கனமாக இருக்கும் கடலோர ஊரில் ஒரு பெண் 37க்குக் கீழே போனது மலை மேல் சாதனை போடுவதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அதே கொதைரா நீண்ட காலம் 500இல் தோற்காமல் வந்து, 2019 பிப்ரவரியில் இன்செலில் ஆஸ்திரியாவின் வனெஸா ஹெர்சோக்கிடம் தோற்றார். அந்த சீசனில் எனக்குப் பிடித்த பந்தயம் அதுதான். சாதனை கீதனை எதுவும் இல்லை. இரண்டு பேர், பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைந்த வித்தியாசம், அவ்வளவுதான்.

பதில் 3: கால்கரி_வாசி

இன்செல் பந்தயம் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதில் மறுபேச்சில்லை. தனிப் பட்டியல் யோசனைதான் எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு: நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 500இல் அது பெரிதாக உறைக்காது. 10,000 மீட்டரில் இருபத்தைந்து சுற்று ஓட வேண்டும், அங்கே கழுத்தைப் பிடிக்கும்.

ஸ்வீடனின் நீல்ஸ் வான் டெர் பூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் 10,000 மீட்டர் உலக சாதனை 12:32.95, உங்கள் ஹீரன்வேனில்தான். ஒரு வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 12:30.74. இரண்டும் தாழ்வான ஊர்கள். அதே ஆள் 5000 சாதனையை 2021 டிசம்பரில் சால்ட் லேக்கில் போட்டார், 6:01.56. எந்தத் தூரத்துக்கு எந்த ஊர் கைகொடுக்கும் என்பது ஒரே கோட்டில் போவதில்லை. இரண்டு பட்டியல் போட்டால் 10,000த்தை எதில் வைப்பீர்கள்?

இன்னொன்று. டொமகொமாய் கூரையில்லாத திறந்தவெளி ஓவல். காற்று திசை மாறினால் அடுத்தடுத்த ஜோடிகளுக்கே வேறு வேறு பந்தயம். அதற்கும் தனிப் பட்டியல் வேண்டியிருக்கும். எங்கே நிறுத்துவது?

சென்னை_அப்பா

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து ஹெர்சோக், கொதைரா பந்தயத்தைத் தேடிப் பார்த்தோம். மகள் மூன்று முறை ஓட்டச் சொன்னாள். அவள் பார்த்துவிட்டுக் கேட்டது: ஹெர்சோக் ஓடும் விதம் இன்லைன் மாதிரியே இருக்கிறதே, சக்கரத்திலிருந்து வந்தவரா?

பதில் 4: சக்கரப் பயிற்சியாளர்

உங்கள் மகளுக்கு நல்ல கண் சார். ஹெர்சோக் இன்லைனில் வளர்ந்தவர்தான். சால்ட் லேக் வாரக் கடைசியில் பெண்கள் 1000 மீட்டரில் 1:11.61 என்று சாதனை போட்ட அமெரிக்காவின் பிரிட்டனி போவ், இன்லைனில் உலக சாம்பியனாக இருந்தவர். 2019இல் இன்செலில் மாஸ் ஸ்டார்ட் ஜெயித்த ஜோயி மான்டியாவும் அப்படித்தான். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கமே வாங்கிவிட்டார். மாஸ் ஸ்டார்ட்டில் எல்லோரும் கூட்டமாக ஓடுவதால் சக்கரத்துக்காரர்களுக்கு அது பழகிய களம்: யாருக்குப் பின்னால் ஒளிவது, எப்போது வெளியே வருவது என்று சின்ன வயதிலேயே கற்றிருப்பார்கள்.

மாற வேண்டியதும் இருக்கிறது. சக்கரத்தில் உந்துவது அடிக்கடி, வேகமாக. ஐஸில் ஒரு உந்தலுக்குப் பிறகு அந்த ஒற்றைக் காலில் நீளமாக வழுக்கிப் போகப் பொறுமை வேண்டும். பிளேடின் விளிம்பில் நிற்கிற அந்தச் சமநிலை வர எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு ரொம்ப நாள் ஆனது. முழங்கால் இன்னும் ஆழமாக மடங்க வேண்டும். மற்றபடி தொடை, இடுப்பு, காற்றைக் கிழிக்கும் குனிவு எல்லாம் ஒன்றுதான்.

நம் ஊரில் 400 மீட்டர் ஐஸ் ஓவல் கிடையாது. ஆனால் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் இன்லைன் உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் தங்கம் ஜெயித்தார். சீனியர் பிரிவில் இந்தியாவுக்கே அந்தப் போட்டியில் முதல் தங்கம். உங்கள் மகளுக்கு அந்தக் காணொளியையும் காட்டுங்கள்.

பதில் 5: கால்கரி_வாசி

அருமை. சார், அடுத்த சீசன் பார்க்கும்போது மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். முடிவு நேரத்தை மட்டும் எழுத வேண்டாம், ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள், திரையிலேயே வரும். 1500 மீட்டரில் முதல் 300க்குப் பிறகு மூன்று முழுச் சுற்று. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் எத்தனை வினாடி கூடுகிறது என்று பார்த்தால் போதும், ஊர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் யார் நன்றாக ஓடினார் என்பது பிடிபட்டுவிடும். டகாகியின் 1:49.83இலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அதே டகாகி ஹீரன்வேனில் ஓடியதைப் பக்கத்தில் வைக்கட்டும். எழுதியதை இங்கே போட்டால் நானும் உத்ரெக்ட் நண்பரும் பார்த்துச் சொல்கிறோம்.