எட்டரை மாசக் குழந்தை: மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கலை, நகர்றதையும் நிறுத்திட்டா

பெரம்பலூர் அம்மா (புதன், மதியம் 1.10)

பெண் குழந்தை, எட்டரை மாசம். நாள் நிறைஞ்சு பிறந்தவ. போன வாரம் அங்கன்வாடியில எடை பார்த்தப்ப 8 கிலோ.

திங்கள் ராத்திரி 10 மணிக்குக் காய்ச்சல் ஆரம்பம். அக்குள்ல 102.8. செவ்வாய் காலை 103.2. அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டினோம். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துட்டு வைரஸ் காய்ச்சல்தான், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் இருந்தா ரத்தம் பார்க்கலாம்னு சொன்னார். சீட்டுல பாராசிட்டமால் 1.2 மில்லி, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதியிருக்கு. செவ்வாய் பூரா மருந்து கொடுத்து ஒன்றரை மணி நேரத்துல 100க்கு இறங்கிடும். ராத்திரி மருந்து தீர்ந்துபோச்சு. பக்கத்துக் கடையில வேற பாட்டில் கொடுத்தாங்க, அதுவும் பாராசிட்டமால்தான். இன்னிக்குக் காலை 6 மணிக்கும் 12 மணிக்கும் அதே 1.2 மில்லி கொடுத்தேன். 102.6க்குக் கீழ வரவே இல்லை. நோய் முத்துதா?

மூக்குல தண்ணி மாதிரி லேசா ஒழுகுது. இருமல் இல்லை. தாய்ப்பால் குடிக்கிறா, கஞ்சி, இட்லி வேண்டாங்கிறா. எச்சில் நிறைய வடியுது, காதைப் பிடிச்சு இழுக்கிறா. மாமியார் பல் முளைக்கிற காய்ச்சல்ங்கிறாங்க. மூக்கு அடைப்புக்கு தேங்காய் எண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவலாமான்னும் கேக்கிறாங்க.

இன்னொரு கவலை. ஞாயிறு வரைக்கும் வயித்தால ஊர்ந்து கூடத்தைச் சுத்திட்டு இருந்தவ, திங்கள்லேருந்து நகரவே இல்லை. "மாமாமா" சத்தமும் இல்லை. முட்டி போட்டுத் தவழ இன்னும் ஆரம்பிக்கலை. பொரியைப் போட்டா உள்ளங்கையால வாரி எடுக்கிறா, விரலால எடுக்கலை. தாத்தாவைப் பார்த்தா இப்ப புதுசா அழறா. வளர்ச்சியில ஏதாவது பின்தங்கலா?

---

மருந்தாளுநர் சேலம் (புதன், மதியம் 1.35)

முதல்ல அந்த ரெண்டு பாட்டிலோட லேபிளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சீட்டுல 1.2 மில்லின்னு இருக்கிறதால, தீர்ந்துபோனது சொட்டு மருந்தா இருக்கணும்: 1 மில்லியில 100 மி.கி. 1.2 மில்லின்னா 120 மி.கி. 8 கிலோவுக்கு அதுதான் சரியான அளவு (கிலோவுக்கு 15 மி.கி.). இப்ப கையில இருக்கிறது சிரப்னு நினைக்கிறேன். அதுல "5 மில்லியில் 120 மி.கி." அல்லது "125 மி.கி."ன்னு போட்டிருக்கும். அப்படின்னா 1.2 மில்லியில போறது வெறும் 29, 30 மி.கி.தான், கால் பங்கு. காய்ச்சல் இறங்காததுக்கு அதுவே போதுமான காரணம்.

120 சிரப்பா இருந்தா ஒரு வேளைக்கு 5 மில்லி. சில வீட்டுல பெரிய பிள்ளைக்கு வாங்கின "5 மில்லியில் 250 மி.கி." பாட்டிலும் இருக்கும். அதுல 2.4 மில்லி. மூணுமே ஒரே மருந்து, அடர்த்திதான் வேற. கடைக்காரர்கிட்ட "பாராசிட்டமால் கொடுங்க"ன்னு மட்டும் கேட்டா எது வேணும்னாலும் வரும். சீட்டைக் காட்டி, "1 மில்லிக்கு எத்தனை மி.கி."ன்னு கேட்டு வாங்குங்க.

இதே தப்பு தலைகீழா நடந்தா ஆபத்து. சிரப்புக்கு எழுதின 5 மில்லியை சொட்டு மருந்துல கொடுத்தா 500 மி.கி. உள்ள போயிடும், இந்த எடைக்கு நாலு மடங்குக்கு மேல. கல்லீரலைத் தாக்கும். அப்படி எப்பவாவது நடந்துட்டா வாந்தி வருதான்னு பார்த்துட்டு உக்காராம, பாட்டிலோட உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். முதல் நாள் குழந்தை நல்லாத்தான் இருக்கிற மாதிரி தெரியும்.

இன்னிக்குக் கொடுத்தது ரெண்டு வேளையும் குறைவுங்கிறதால பயம் ஒண்ணுமில்லை. லேபிளை டாக்டருக்கு போன்ல சொல்லி, அடுத்த வேளையிலேருந்து சரியான அளவைக் கேட்டுக்கோங்க. 24 மணி நேரத்துல 4 வேளைக்கு மேல வேண்டாம். அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்குங்க. ஒவ்வொரு வீட்டு டீஸ்பூனும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். பழைய சொட்டு பாட்டிலோட டிராப்பரை சிரப்புக்குப் பயன்படுத்தவே கூடாது. கன்னத்தோட உட்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடணும், நேரா தொண்டையில அடிச்சா புரையேறும். அரை மணிக்குள்ள மொத்தமா கக்கிட்டா அதே அளவு ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம்.

சளி சிரப் எதுவும் கூட வாங்காதீங்க. பல சளி மருந்துலயும் பாராசிட்டமால் கலந்திருக்கு, தெரியாமலே ரெட்டிப்பாயிடும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயசுக்குக் கீழ கொடுக்கக்கூடாதுன்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் மருந்தும் வேண்டாம். டெங்கு இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் ரத்தக்கசிவைக் கூட்டுற எதுவும் ஆகாது.

---

குழந்தைகள் வார்டு செவிலி (புதன், மதியம் 2.20)

மருந்து அளவை மேலே தெளிவா சொல்லிட்டாங்க. நான் குழந்தையைப் பார்க்கிற விதத்தைச் சொல்றேன், ஏன்னா தெர்மாமீட்டர் எண் பாதிதான் சொல்லும்.

மூச்சை எண்ணுங்க. அழாம, பால் குடிக்காம இருக்கணும், தூங்கும்போது இன்னும் நல்லது. சட்டையை மேல தூக்கிட்டு, வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதீங்க. குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது, நடுவுல சில விநாடி நிறுத்தி நிறுத்தி விடும், கணக்கு தப்பிடும். 2 மாசம் முடிஞ்சு 1 வயசு வரைக்கும் 50ம் அதுக்கு மேலயும் வந்தா வேகம். காய்ச்சல் ஏறியிருக்கும்போதே மூச்சு கூடும், அதனால மருந்து வேலை செஞ்சதும் திரும்ப எண்ணிப் பாருங்க. எண் எவ்வளவா இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, முக்கி முக்கி மூச்சு விட்டாலோ, உதடு நீலமா தெரிஞ்சாலோ காத்திருக்காம கிளம்புங்க.

அடுத்தது மூத்திரம். டயப்பர் வேண்டாம், ரெண்டு நாளைக்குத் துணி கட்டுங்க, எத்தனை தடவைன்னு கண்ணுக்குத் தெரியும். 6 மணி நேரத்துக்கு மேல துணி நனையலைன்னா தண்ணிச் சத்து குறையுது. உச்சிக்குழி பள்ளமா இருக்கா, அழும்போது கண்ணீர் வருதா, வாய் உள்ள ஈரமா இருக்கான்னும் பாருங்க. கஞ்சி, இட்லி ரெண்டு மூணு நாள் இறங்காததைப் பத்திக் கவலை வேண்டாம். தாய்ப்பாலை ரெண்டு மணிக்கு ஒரு தரம் குறைச்சுக் குறைச்சுக் கொடுங்க. மூக்கு அடைச்ச குழந்தை ஒரேயடியா நிறையக் குடிக்காது, வாயால மூச்சு விடணுமே.

மூக்குக்கு 0.65 சதவீத உப்புநீர் சொட்டு போதும். பால் கொடுக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, தோளுக்கு அடியில சின்னத் துணி மடிச்சு வச்சு, ஒவ்வொரு துவாரத்துலயும் 2 சொட்டு. ஒரு நிமிஷம் விட்டு உறிஞ்சு பல்பை முதல்ல வெளியில வச்சு அமுக்கிட்டு அப்புறம் மூக்குல வைங்க. உள்ள வச்சு அமுக்கினா சளி பின்னாடி போகும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவைக்கு மேல உறிஞ்சினா மூக்கு உள்ளயே வீங்கி அடைப்பு கூடும்.

கற்பூர எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வழியா, மூச்சு வழியா, விரலை வாயில வைக்கும்போது வாய் வழியா உள்ள போகும், வலிப்பை உண்டாக்கும். நெஞ்சுல தடவுற தைலங்களும் 2 வயசுக்கு முன்னாடி கூடாது. மூக்குல எண்ணெய் விடுறது, சாம்பிராணிப் புகை காட்டுறது, ஒரு வயசுக்கு முன்னாடி தேன் நக்க வைக்கிறது இதெல்லாமும் வேண்டாம். மாமியார்கிட்ட "டாக்டர் வெந்நீர் ஒத்தடம்கூட வேண்டாம்னுட்டார், மடியில வச்சுக்கோங்க அத்தை, அதுதான் அவளுக்கு வேணும்"னு சொல்லிப் பாருங்க.

பல் விஷயம்: எச்சில் வடியும், ஈறு வீங்கும், சிணுங்கும், உடம்பு லேசா சுடலாம். 103 பல்லால வராது. ஆறு மாசத்துக்கு மேல அம்மாகிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையுது, கையில கிடைச்சதெல்லாம் வாய்க்குப் போகுது. பல் முளைக்கிற அதே சமயத்துல வைரஸும் வர்றதால பழி பல் மேல விழுது.

காய்ச்சல் சட்டுனு ஏறும்போது சில குழந்தைக்கு ஜன்னி, அதாவது வலிப்பு, வரும். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பாருங்க. கையில சாவி திணிக்கிறது, வாயில ஸ்பூன் வைக்கிறது, தண்ணி ஊத்துறது எதுவும் கூடாது. 5 நிமிஷத்துல நிக்கலைன்னா 108. நின்னுட்டாலும் அன்னிக்கே டாக்டர் பார்க்கணும்.

---

இயன்முறை கோவை (புதன், மாலை 5.45)

வளர்ச்சிக் கேள்விக்கு மட்டும் வர்றேன்.

வயிற்றால் ஊர்வதும் இடம்பெயர்தல்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுகளில், முட்டி போட்டுத் தவழ்வதற்கான காலம் 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை நீள்கிறது. தவழாமலே எழுந்து நின்று நடந்த குழந்தைகளும் அதில் உண்டு, நூற்றுக்கு நாலு பேர் அளவில். பிடிப்பில்லாமல் உட்காருவதற்கு மேல் எல்லை 9.2 மாதம். உங்கள் குழந்தை தானாக உட்காருகிறாளா என்பதை நீங்கள் எழுதவில்லை, அதைத்தான் நான் முதலில் கேட்பேன். கையை ஊன்றாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பொம்மையைத் திரும்பி எடுத்தால் நல்லது.

நம் பிள்ளைத்தமிழ்க் கணக்கையே பாருங்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரும் வருகை. வரிசை இன்றைய அட்டவணைக்கு மிக அருகில் இருக்கிறது.

பொரியை உள்ளங்கையால் வாருவது இந்த வயதுக்குச் சரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர்வது 9லிருந்து 12 மாதத்துக்குள் தெளிவாகும். பழக்க, வேகவைத்து நசுங்கும் பதத்தில் இருக்கும் கேரட், இட்லித் துணுக்கு ஆகியவற்றைத் தட்டில் ஒன்றிரண்டாகத் தள்ளித்தள்ளி வையுங்கள். குவித்து வைத்தால் வாரத்தான் செய்வாள். பொட்டுக்கடலை, வேர்க்கடலை இரண்டும் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடியவை, கைக்கு எட்டவே கூடாது.

தாத்தாவைப் பார்த்து அழுவது முன்னேற்றம். தினமும் பார்க்கும் முகத்தையும் அவ்வப்போது பார்க்கும் முகத்தையும் பிரிக்கத் தெரிந்துவிட்டது. தாத்தாவைத் தள்ளி உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், கையை நீட்டித் தூக்க வேண்டாம்.

காய்ச்சலில் நகராமல், பேசாமல் இருப்பது உடம்பு சக்தியைச் சேமிப்பது. தேறியபின் சில நாளில் திரும்பும். தேறி இரண்டு வாரம் ஆகியும் திரும்பவில்லை என்றாலோ, ஊரும்போது எப்போதும் ஒரே காலை இழுத்தாலோ, ஒரே கையை மட்டும் நீட்டினாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாமல் இருந்தாலோ காட்ட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள ஆரம்பகாலத் தலையீட்டு மையத்தில் இதைப் பார்ப்பார்கள். சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைக்காதீர்கள். நுனிக்காலால் உந்தப் பழகும், படியில் உருளும். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தரையில் பாயும், வழுக்காத தரையும் போதும்.

---

பெரம்பலூர் அம்மா (வெள்ளி, காலை 8.05)

லேபிள் பார்த்தேன், 5 மில்லியில 120 மி.கி.தான். டாக்டருக்கு போன் பண்ணி 5 மில்லி கொடுத்தேன். புதன் சாயங்காலமே 99.8க்கு வந்துடுச்சு. மூச்சு 38. துணி நாளைக்கு 7 தடவை நனையுது. உட்காருறது கை ஊன்றாமதான்.

நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் மருந்தே இல்லாம 98.4. ஆனா இன்னிக்குக் காலையில நெஞ்சு, முதுகு, கழுத்து பூரா ரோஸ் நிறத்துல கடுகு கடுகா பொரிஞ்சிருக்கு. சிரிக்கிறா, கஞ்சி அரைக் கிண்ணம் குடிச்சா, பாயை விட்டு ஊர்ந்து வந்துட்டா. மாமியார் அம்மைன்னு வேப்பிலை வச்சு, குளிப்பாட்டக்கூடாதுங்கிறாங்க. 12 நாள்ல ஒன்பதாம் மாசத் தடுப்பூசி இருக்கு. போடலாமா?

---

குழந்தைகள் வார்டு செவிலி (வெள்ளி, காலை 9.00)

மூணு நாள் கடுமையான காய்ச்சல், அது முழுசா விட்டதும் உடம்புல பொரி, குழந்தை தெளிவு. 6 மாசத்துலேருந்து 2 வயசு வரைக்கும் ரொம்ப சாதாரணமா வர்ற ரோசியோலாங்கிற வைரஸ் காய்ச்சல் இப்படித்தான் நடக்கும். தட்டம்மைன்னா காய்ச்சல் உச்சத்துல இருக்கும்போதே பொரியும், காதுக்குப் பின்னாடியும் முகத்துலயும் ஆரம்பிச்சுக் கீழ இறங்கும், கண் சிவந்து இருமல் பலமா இருக்கும். உங்க குழந்தைக்கு அது எதுவும் இல்லை.

ஆனாலும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. காரணம் டெங்கு. அதுலயும் காய்ச்சல் விடுற நேரத்துலதான் ஆபத்து ஆரம்பிக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க: வழவழப்பான கண்ணாடி டம்ளரைப் பொரி மேல அழுத்தி அது வழியாவே பாருங்க. மறைஞ்சா நல்லது. அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளி இருந்தாலோ, குழந்தை துவண்டாலோ, கைகால் சில்லுன்னு ஆனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க. பொரி தடிச்சுத் தடிச்சு இடம் மாறி அரிச்சா மருந்து ஒவ்வாமையான்னும் டாக்டர் பார்ப்பார், சிரப் பாட்டிலை எடுத்துட்டுப் போங்க.

வேப்பிலையைத் தலைமாட்டுல வைக்கிறதுல தப்பில்லை. அரைச்சு உடம்புல பூச வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணியில குளிப்பாட்டலாம், பொரிக்குக் களிம்பு எதுவும் தேவையில்லை. ரெண்டு மூணு நாள்ல தழும்பில்லாம மறையும்.

டாக்டர் ரோசியோலான்னு சொல்லிட்டா தடுப்பூசியைத் தள்ளிப் போட வேண்டாம். தட்டம்மை ரூபெல்லா ஊசியோட அன்னிக்கே வைட்டமின் ஏ முதல் தவணை 1 மில்லி வாய்வழியா கொடுப்பாங்க, நிமோகாக்கல் ஊக்கத் தவணையும் இருக்கு. லேசான சளி இருந்தாலும் போடலாம். தட்டம்மை ஊசியால வர்ற காய்ச்சல் அன்னிக்கு வராது, 7லிருந்து 12 நாளுக்குள்ள வரும், சில சமயம் லேசான பொரியோட. அப்ப மறுபடி அம்மைன்னு வீட்டுல பயப்படக்கூடாதுன்னு, தாய் சேய் நல அட்டையில இந்த வாரத் தேதியையும் பொரி வந்த நாளையும் இப்பவே எழுதி வச்சுடுங்க. பக்கத்துலயே "8 கிலோ, 120 சிரப், 5 மில்லி"ன்னும் எழுதுங்க. எடை கூடினதும் அதை அடிச்சுட்டு டாக்டர்கிட்ட புது அளவு கேட்டு எழுதணும்.