ஃப்ரீமான்ட் பக்கம் ஐஹெச்எஸ்எஸ் பராமரிப்பாளர் தேவை

வணக்கம். படுக்கையிலிருக்கும் தமிழ் அம்மா ஒருவருக்கு மாற்றுப் பராமரிப்பாளர் தேடுகிறோம். இப்போது பார்ப்பவர் காய்ச்சலில் படுத்தால் வேறு ஆளில்லை.

ஐஹெச்எஸ்எஸ் என்பது முதியோரும் உடல் இயலாதவரும் வீட்டிலேயே பராமரிப்பு பெற உதவும் கலிபோர்னியா அரசுத் திட்டம். இதில் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் பயனாளியே. சம்பளம் அரசு தரும். கைரேகைச் சோதனை, அறிமுக வகுப்பு, எஸ்ஓசி 426 என்ற பராமரிப்பாளர் பதிவுப் படிவம் மூன்றும் முடித்தவராக இருந்தால் நல்லது. புதியவர் என்றால் பதிவுக்கே நாளாகும்.

ஏற்கெனவே வேறொருவரைப் பார்க்கிறீர்களா? உங்கள் மணிக்கணக்கை முதலிலேயே சொல்லுங்கள். இருவரைப் பார்த்தால் ஞாயிறு முதல் சனி வரை மொத்தம் 66 மணிதான். மீறினால் விதிமீறல் உங்கள் பெயரில் விழும்.

இரவில் 2 மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வால் எலும்பு, குதிகால் சிவந்திருந்து, அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது. தமிழ் தெரிவது மிக முக்கியம், வலியை அம்மா தமிழில்தான் சொல்வார். தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.