சனிக்கிழமை சம்பளம்: உங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய சூப்பர்வைசர், திருப்பூர்

"ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மனசு வைத்து வேலை செய்வதில்லை." திருப்பூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இது காதில் விழும். பனியன் கம்பெனிகளில் 19 வருஷம் லைன் சூப்பர்வைசராகவும், கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜராகவும் இருந்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 2014இல் ஒரு வாரம் கண்ணால் பார்த்தபிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். இங்கே ஷிப்ட் என்றால் நேரமும் அதுதான், காசும் அதுதான். காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. வாரம் முழுக்கப் போட்ட ஷிப்டைக் கூட்டி சனிக்கிழமை ராத்திரி கையில் கொடுப்பார்கள். மளிகைக் கடை பாக்கி, பைனான்ஸ்காரர், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்த ராத்திரியை நம்பித்தான் இருக்கும்.

அப்போது நான் இருந்தது 60 மெஷின் போட்ட ஒரு யூனிட். முதலாளி நல்ல மனிதர். ஆனால் சரக்கு கப்பல் ஏறி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்குகிறவரிடமிருந்து, பணம் வரும். நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் அதற்குள் கொடுத்தாக வேண்டும். பேங்க்கில் கடன் எடுக்கிற லிமிட்டையும் முழுக்க எடுத்தாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை, "திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்" என்றார். திங்கள் புதன் ஆனது.

யாரும் சத்தம் போடவில்லை. எல்லா மெஷினிலும் ஆள் இருந்தது. ஆனால் மணிக்கு 90 பீஸ் இறக்குகிற லைன் 65ஐத் தாண்டவில்லை. கரண்ட் பார்த்தேன், நூல் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் செக்கிங் டேபிளிலிருந்து ஒரு பண்டலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 40 பீஸிலும் நெக் லேபிள் தலைகீழாகத் தைத்திருந்தது. தைத்தவர் என் லைனிலேயே நல்ல டைலர். திட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து 40ஐயும் பிரித்தார். பக்கத்தில் வைத்திருந்த அவருடைய போன் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பைனான்ஸ்காரர் என்று பக்கத்து மெஷின்காரர் காதோரம் சொன்னார்.

புதன் மதியம் பணம் வந்தது, கொடுத்தோம். வியாழக்கிழமை லைன் பழையபடி ஓடியது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஏழு பேர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஷிப்டுக்கு 20 ரூபாய் குறைவு! சனிக்கிழமை மட்டும் தவறாது.

பல வருஷம் கழித்து ஒடிசாவில் பொருளாதார ஆய்வாளர்கள் செய்து பார்த்த ஒன்றைப் படித்தேன். இலைத்தட்டு தைக்கிறவர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. அவர்களில் சிலருக்குச் சேர்ந்திருந்த கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். கூலி விகிதம் மாறவில்லை, நாள்தான் முன்னால் வந்தது. அவர்கள் தைத்தது சுமார் 7 சதவீதம் கூடியது, தப்பும் குறைந்தது. படித்ததும் எனக்கு அந்தத் தலைகீழ் லேபிள்தான் ஞாபகம் வந்தது.

நான் மன்றாடியதில் முதலாளி மூன்று வாரச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் சேர்த்து வைத்தார். சேர எட்டு மாதம் பிடித்தது. அப்புறம் 2016 நவம்பர் 8 வந்தது, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த நாள். கணக்கில் பணம் இருக்கிறது, கொடுக்க நோட்டு இல்லை. நடப்புக் கணக்கில் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். நூறு பேருக்கு அதை வைத்து என்ன செய்வது? முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் செக்கிங் டேபிள் மேல் விரித்து வைத்தார். "பணம் இருக்குது, பாருங்க. எடுக்கத்தான் விடமாட்டேங்கறாங்க." ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தோம். அந்தத் தடவை போனவர்கள் இரண்டே பேர்.

உங்கள் இடத்தில் எப்படி? எழுதுங்கள்.

கைமடி, திருப்பூர்

அண்ணா, நான் அந்த லைனில் மறு பக்கம் இருந்தவள். கைமடி என்றால் டைலருக்குப் பின்னால் நின்று பீஸ் எடுத்துக் கொடுக்கிறது, தைத்ததை மடித்து அடுக்குகிறது. அதில் ஆரம்பித்துச் செக்கிங்குக்கு வந்தேன்.

எங்கள் டேபிளில் எட்டுப் பேர். ஒரு சனிக்கிழமை பக்கத்தில் நிற்கிற அக்காவின் சம்பளக் கவர் தவறி என் கைக்கு வந்துவிட்டது. ஷிப்டுக்கு 15 ரூபாய் அதிகம். ஒரே டேபிள், ஒரே பீஸ், ஒரே நேரம். ஏன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "உனக்குக் குடுக்கறதை நீ பாரு" என்றார். அவ்வளவுதான். ராத்திரிக்குள் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அக்கா சூப்பர்வைசருக்குச் சொந்தக்காரி என்று ஒருத்தி கிளப்பிவிட, அதையும் நம்பினோம்.

அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தேன். இங்கே ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். சந்தேகமான பீஸை யோசிக்காமல் நல்ல பீஸோடு போட்டுவிடுவேன். அந்த அக்காவிடம் ஆறு மாதம் பேசவும் இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அவர் மெஷர்மென்ட் சார்ட், அதாவது அளவுப் பட்டியல், பார்த்து டேப் வைத்து அளந்து ரிப்போர்ட் எழுதுவார். சரக்கு வாங்குகிறவர்களின் பையிங் ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் அவர்தான் பதில் சொல்வார். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அது சாயங்காலம் நாங்கள் போனபிறகு நடக்கிற வேலை. கேட்ட அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சார்ட் படிக்கக் கற்றிருப்பேன். பின்னால் கற்றேன், அந்த அக்காவிடமேதான்.

இன்னொன்று. பாத்ரூம் போக டோக்கன் வைத்தார்கள், லைனுக்கு இரண்டு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இடம் போதாது.

பழைய சூப்பர்வைசர், திருப்பூர்

அம்மிணி, "உனக்குக் குடுக்கறதை நீ பாரு" என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதியதையும் அதே ஒடிசாவில் பார்த்திருக்கிறார்கள். ஒரே குழுவில் சிலருக்குக் கூலி கொஞ்சம் கூட வைத்தால், குறைவாக வாங்குகிறவர்கள் வேலையைக் குறைத்தார்கள், சில நாள் வரவே இல்லை, கூலியை விட்டுக்கொடுத்தும்கூட! ஆனால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற வேலையில் அந்தச் சோர்வு வரவில்லை. உங்கள் அக்கா சார்ட் எழுதுவதை மதியமே டேபிளில் வைத்துச் செய்யச் சொல்லியிருந்தால் போதும்.

பட்டறைக்காரர், கோவை

முதலாளி பக்கமும் ஒருவர் பேச வேண்டுமே. பம்ப்செட் உதிரிபாகம் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறேன், எட்டு மெஷின். சம்பளத்தைத் தள்ளிப்போட்ட பாவம் எனக்கும் உண்டு. பெரிய கம்பெனி ஒன்று என் பில்லை நாலு மாதம் வைத்திருந்தால் நான் எங்கே போவேன்? சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. சந்தோஷப்பட்டேன். அடுத்த மாதமே என் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, "உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்க, இல்லேன்னா ஆர்டர் கஷ்டம்" என்றார். உத்யம் என்பது சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்கிற பதிவு. ரத்து செய்யவில்லை. ஆர்டரும் பாதியாகிவிட்டது.

2012 மின்வெட்டைக் கோவைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் லேத்துக்கு அடியிலேயே அட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். பீஸ் ரேட் என்பதால் படுத்திருந்த நேரத்துக்குக் காசு இல்லை. இரண்டு பேர் விட்டுப் போனபிறகுதான் காத்திருக்கிற நேரத்துக்குப் பாதிக் கூலி என்று எழுதி ஒட்டினேன். கையைக் கடித்ததுதான், ஆனாலும் கரண்ட் வந்த நிமிஷமே எல்லா மெஷினும் ஓடியது.

என்னுடைய பெரிய தப்பு வேறு. ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். இன்சர்ட், அதாவது இரும்பைக் கடைகிற வெட்டு முனை, மழுங்கினால் நான் வந்து திறக்கும் வரை மெஷின் சும்மா நிற்கும். நான் பேங்க்கில் இருந்தால் பேங்க்கிலிருந்து வரும் வரை. ஒரு வாரம் சிலேட்டில் குறித்து வைத்தேன். 11 மணி நேரம் போயிருந்தது.

மும்பைக்குப் பக்கத்து நெசவு ஆலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, மெஷின் நின்ற நேரத்தைக் குறி, சரக்கை எண்ணி வை, தரையைச் சுத்தமாக வை என்று சாதாரண விஷயங்களைத்தான் செய்யவைத்தார்கள். முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. அதிலேயே இன்னொன்றும் பார்த்தார்கள். ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாகும் என்பதை அந்த வீட்டில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாமாம். வெளியாளிடம் சாவியைக் கொடுக்க மனசு வராது, அதனால்தான். எனக்கு ஒரே மகன், அவனும் பெங்களூரில் ஐ.டி.யில். கணக்கு புரிந்தது.

சாவியை லேத் ஓட்டுகிற மூத்த டர்னரிடம் கொடுத்தேன், கூடவே ஒரு நோட்டும். முதல் மாதம் எண்ணியபோது இரண்டு இன்சர்ட் குறைந்தது. வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் கடைக்காரர் பில்லை நானே தப்பாக ஏற்றியிருக்கிறேன்.

கொழுந்துக்கூடை, தலவாக்கலை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நான் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் வீட்டில் கணக்குப் பேச்சுத்தான்.

2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. எத்தனை வருஷப் போராட்டம் அது. லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், பட்டாசு கொளுத்தினோம். அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அம்மாவுக்குப் பாதி நாட்கள் "அரைப்பேர்". அப்படியென்றால் அன்றைக்குப் பறித்தது போதாது, அரைநாள் சம்பளம். எங்கள் தோட்டத்தில் 16 கிலோவாக இருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். அதே வருஷம்தான் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. உரமில்லாமல் மலையில் கொழுந்தே இல்லை. இல்லாத கொழுந்தை எங்கே போய்ப் பறிப்பது?

மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ வெட்டுவார்கள். வெயில் நாளிலும் ஈரத்துக்கு வெட்டு உண்டு. முன்பெல்லாம் பக்கத்து நிரையில் இருக்கிற வயதானவருக்கு அம்மா இரண்டு பிடி கொழுந்து அள்ளிப் போடுவார். 20 கிலோ வந்தபிறகு அது நின்றுவிட்டது. நல்ல கொழுந்தாகப் பார்த்துப் பறிக்கிறதும் நின்றது. முற்றின இலையும் கூடைக்குள் போகிறது, எடைக்கு. தொழிற்சாலையில் தரம் குறைகிறது என்று துரை (தோட்ட மேனேஜர்) ஒருநாள் பிரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்தில், சத்தம் போட்டாராம். 2024இல் சம்பளம் 1,350 ஆனது. அம்மா பட்டாசு கேட்கவில்லை, "கிலோ எத்தனையாம்?" என்றுதான் கேட்டார்.

பட்டறைக்காரர், கோவை

தங்கச்சி, அந்த மடுவத்தில் இருப்பது பழைய முள் தராசா, டிஜிட்டலா? டிஜிட்டல் என்றால் எடையைக் கண்ணால் பார்க்கலாமே?

கொழுந்துக்கூடை, தலவாக்கலை

டிஜிட்டல்தான் அண்ணா. நம்பர் தெரிகிற பக்கத்தைக் எடை எழுதுகிற கணக்கப்பிள்ளை பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள்.