நாலு நிமிடம் வெறும் இசை, பிறகுதான் பாட்டு. இது எது?

குன்னூர்_வேன்:
டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். போன வாரம் பர்லியாறு தாண்டி ஏறும்போது சவாரி வந்தவர் தன் போனில் ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டார். நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியும் பாடகர் வாயைத் திறக்கவில்லை. அடியில் ஒரே பேஸ் கிட்டார், நடுநடுவே எங்கோ தூரத்தில் ஊதுவதுபோல ட்ரம்பெட். அப்புறம் ஆளுக்கு ஒரு வரியாகப் பாடுகிறார்கள். அப்பா செப்டம்பர் 3ஆம் தேதி செத்துப்போனதாகவும், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று பிள்ளைகள் அம்மாவிடம் கேட்பதாகவும் புரிந்தது. பெயர் கேட்பதற்குள் இறங்கிவிட்டார்.

பழைய_ரெக்கார்டு:
டெம்ப்டேஷன்ஸ் என்ற அமெரிக்கக் குழு பாடிய 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்', 1972. எழுதியவர்கள் நார்மன் விட்ஃபீல்ட், பாரெட் ஸ்ட்ராங். நீங்கள் கேட்டது ஆல்பத்தில் வந்தது, கிட்டத்தட்ட 12 நிமிடம். இந்த ஒரு பாட்டுக்கென்று தனியாக வந்த சின்ன இசைத்தட்டில் சுருக்கி விட்டார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம், அப்புறம் 3 கிராமி இசை விருது. அதில் ஒன்று, அந்தச் சின்ன இசைத்தட்டின் பின்பக்கத்தில் குரலே இல்லாமல் வெறும் இசையாக வந்ததற்கு! இவர்களுக்கு முன்பே அன்டிஸ்ப்யூட்டட் ட்ரூத் குழு பாடியது.

கோடை_மழை:
நாலு நிமிடமா? நம்ம ஊர்ப் பாட்டில் அதற்குள் ரெண்டு சரணமே முடிந்துவிடும்.

பழைய_ரெக்கார்டு:
அதுதான் விஷயம். கடைசிவரை ஒரே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), மாறவே மாறாது. பிள்ளைகள் என்ன கேட்டாலும் அம்மா பதிலும் அதேதான்: ஓரிடத்தில் தங்காத மனுஷன், போகும்போது தனிமையைத்தான் விட்டுப்போனான்.

குன்னூர்_வேன்:
நன்றி சார். ராத்திரி வேனிலேயே உட்கார்ந்து மூணு தடவை கேட்டேன். எங்கப்பா கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லாரி ஓட்டியவர். நான் மூணாவது படிக்கும்போது லோடு இறக்கப் போனவர் திரும்பவில்லை. லாரி மட்டும் வேறு டிரைவரோடு வந்தது. எப்போது கேட்டாலும் அம்மா, "கீழே போயிருக்காரு" என்பார். மலையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே, மருந்து வாங்கப் போனாலும் 'கீழே'தான். ஒன்பதாவதில் ஒருநாள் விடாமல் கேட்டேன். அரிசி புடைக்கும் கையை நிறுத்தாமல், குரல்கூட ஏறாமல், அதையே சொன்னார். ரேஷன் கார்டில் அவர் பெயரை இன்னும் எடுக்க விடவில்லை.

கோடை_மழை:
அம்மாவுக்குப் போட்டுக் காட்டினீர்களா?

குன்னூர்_வேன்:
காட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பத்தான்டா பாடுவான்?" என்றார். பாட ஆரம்பித்ததும் என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஏதோ காதல் பாட்டு என்று சொல்லிவிட்டேன்.